சாய்வு உடனே தெரிவதில்லை: இரு கண்ணும் ஒரு பரப்பின் சாய்வை நேரம் எடுத்து உணர்வதை வீட்டிலேயே சோதிக்க முழுமையான வழிகாட்டி

மூன்று வருடத்துக்கு முன் என் வலது கண்ணுக்குச் சிலிண்டர் பவர், அதாவது ஒரு குறிப்பிட்ட திசையில் மட்டும் வேலை செய்யும் பவர், மாறியது. புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைப் படியிறங்கியதும் நடைபாதை எனக்கு எதிரே மேடாக ஏறியது. பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்தால் மேசை என் மடியை நோக்கிச் சரிந்திருந்தது. கிளாஸ் வழுக்கிவிடுமோ என்று கையால் பிடித்துக்கொண்டேன். வலது கண்ணை மூடினேன், மேசை சமமாகிவிட்டது. திறந்தேன், அப்போதும் சமமாகவே இருந்தது. "சரி, பழகிவிட்டது போல" என்று நினைத்து முடிப்பதற்குள் மேசை மெல்ல மெல்லச் சரியத் தொடங்கியது.

கடைக்குத் திரும்பிப் போய்ச் சொன்னேன். "ரெண்டு வாரம் விடாம போடுங்க சார், பழகிடும்" என்றார்கள். பழகிவிட்டதும் உண்மைதான். ஆனால் கண்ணைத் திறந்ததற்கும் மேசை சரிந்ததற்கும் நடுவே இருந்த அந்த இரண்டு மூன்று விநாடி மட்டும் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. இரண்டு கண்ணிலும் படம் விழுந்தாகிவிட்டது. இரண்டு படங்களுக்கும் நடுவே உள்ள வேறுபாடும் அங்கேயே இருக்கிறது. பிறகு மூளை எதற்காகக் காத்திருக்கிறது?

இந்தக் கேள்வியை ஒரு மடிக்கணினி, சிவப்பு–சயான் (நீலப்பச்சை) முப்பரிமாணக் கண்ணாடி ஒன்று, ஒரு பாகைமானி, கூட ஒரு ஆள் என்ற அளவிலேயே சோதித்துப் பார்த்துவிடலாம். எனக்கு உதவிக்கு வந்தவன் அக்கா மகன், பதினோராம் வகுப்பு. அவன் சொன்னதையும் இடையிடையே எழுதுகிறேன்.

படி 1: கணக்கை முதலில் கையில் பிடியுங்கள்

பெரியவர்களுக்கு இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே சராசரியாக 6.3 செ.மீ. இடைவெளி. பாதி திறந்த கதவை நேர் எதிரே நின்று பாருங்கள். கதவின் முகம் எந்தக் கண்ணை நோக்கித் திரும்பியிருக்கிறதோ அந்தக் கண்ணில் அது அகலமாகவும், மற்றக் கண்ணில் சற்று ஒடுங்கியும் விழும். இடது ஓரம் அருகிலும் வலது ஓரம் தள்ளியும் இருந்தால் வலது கண்ணுக்குத்தான் அகலம் அதிகம். ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

எவ்வளவு அதிக அகலம்? கண் இடைவெளியைத் தூரத்தால் வகுத்து, சாய்வுக் கோணத்தின் டான் (tan) மதிப்பால் பெருக்குங்கள். 60 செ.மீ. தூரத்தில் 30 பாகை சாய்ந்த பரப்புக்கு ஏறக்குறைய 6% வரும். அதே பரப்பை 3 மீட்டருக்குக் கொண்டுபோனால் 1.2% ஆகச் சுருங்கிவிடும். ஆகவே 6% என்பதை மட்டும் வைத்துக்கொண்டு சாய்வு எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது, தூரமும் தெரிய வேண்டும். மூளைக்கும் இதே சிக்கல்தான்.

படி 2: படத்தைத் தயாரியுங்கள்

சார்லஸ் வீட்ஸ்டோன் 1838-இல் முகம் பார்க்கும் கண்ணாடிகளை வைத்து, இரு கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்டும் ஸ்டீரியோஸ்கோப்பைக் காட்டியபோது கோட்டுச் சித்திரங்களைத்தான் பயன்படுத்தினார். நமக்கு அதைவிடப் புள்ளிகள் நல்லது. பேலா யூலெஸ் 1960-இல் பெல் ஆய்வகத்தில் கணினியால் அச்சிட்ட தாறுமாறான புள்ளிப் படங்களின் அருமை இதுதான்: ஒற்றைக் கண்ணால் பார்த்தால் அதில் ஒன்றுமே இல்லை. ஆழம் தெரிந்தால் அது இரு கண்ணின் வேலை மட்டுமே.

கிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருள் போதும். கறுப்புப் பின்னணியில் 1000க்கு 1000 படம் ஒன்று திறந்து, ஒரு நானூறு சிறு வெள்ளைப் புள்ளிகளை இறைத்துவிடுங்கள். பைத்தான் நிரல்மொழி தெரிந்தால் பத்து வரி வேலை. புள்ளிக்கூட்டத்தின் வெளிவிளிம்பு சதுரமாகவோ வட்டமாகவோ இருக்க வேண்டாம், சிந்திய மாவு போல ஒழுங்கில்லாமல் இருக்கட்டும். விளிம்பு நேராக இருந்தால் அதன் வடிவமே மூளைக்குத் தனியாக ஒரு சேதி சொல்லிவிடும்.

இந்த லேயரை நகல் எடுங்கள். ஒன்றை அகலத்தில் மட்டும் 97% ஆக்கிச் சிவப்பு நிறம் கொடுங்கள், இது இடது கண்ணுக்கு. மற்றதை 103% ஆக்கி சயான் நிறம் கொடுங்கள், இது வலது கண்ணுக்கு. ஒரே படத்தை 6% இழுப்பதைவிட இரண்டுக்கும் பாதி பாதியாகப் பிரித்துக் கொடுப்பது நல்லது. இரண்டின் மையத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, மேல் லேயரின் கலப்பு முறையை 'அடிஷன்' ஆக்கினால் படம் தயார். கண்ணாடியின் சிவப்பு வில்லை இடப்பக்கம் இருக்கட்டும்.

எதையும் இழுக்காத சமப் படம் ஒன்றையும் இதே மாதிரி செய்து வையுங்கள். ஆளை ஏமாற்றிப் பார்க்க அது தேவைப்படும்.

படி 3: அறையை இருட்டாக்குங்கள்

இதைச் சோம்பேறித்தனமாகச் செய்தால் சோதனையே பாழ். நான் முதல் தடவை விளக்கைப் போட்டபடியே செய்தேன். சாய்வு உடனே தெரிந்தது, 'நேரம் எடுக்கும்' என்பதெல்லாம் கட்டுக்கதை என்று நினைத்துவிட்டேன். திரையின் சட்டமும் பின்னால் இருந்த சுவரும்தான் உதவி செய்திருக்கின்றன என்பது பிறகுதான் உறைத்தது. எனவே இரவில், விளக்கை அணைத்து, திரை வெளிச்சத்தைக் குறைத்து, சட்டத்தின் மேல் கறுப்புச் சார்ட் பேப்பரை ஒட்டிவிடுங்கள். புள்ளிகளைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படக் கூடாது. தலை ஆடாமல் இருக்க நாலைந்து தடித்த புத்தகத்தை அடுக்கி மோவாயை அதன்மேல் வைத்துக்கொள்ளலாம். தூரம் 60 செ.மீ.

பார்ப்பவருக்கு இரு கண் ஆழப் பார்வை இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். கண் மருத்துவமனைகளில் ஈ படத்தைக் காட்டி "இறக்கையைப் பிடிங்க" என்பார்களே, அதுதான் இந்தச் சோதனை. மாறுகண்ணோ சோம்பல் கண்ணோ உள்ளவர்களுக்குச் சாய்வு தெரியாமலே போகலாம், அதைச் சோதனையின் தோல்வியாக எழுதிவைக்காதீர்கள்.

படி 4: கடிகாரத்தை ஓட விடுங்கள்

பார்ப்பவரின் கண்ணாடிக்கு முன் ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு, எடுத்தவுடன் நேரத்தைக் குறிக்கத் தொடங்குங்கள். வாயால் பாகை சொல்லச் சொல்வதில் பயனில்லை, ஆளாளுக்கு ஒரு எண் சொல்வார்கள். மேசைக்குக் கீழே, கண்ணில் படாத இடத்தில், கெட்டி அட்டைபோட்ட நோட்டு ஒன்றைக் கையில் கொடுத்து "நீ பார்க்கிற மாதிரியே இதைத் திருப்பி வை" என்று சொல்லுங்கள். 1 விநாடி, 5 விநாடி, 20 விநாடி என்று தனித்தனியாகக் காட்டி ஒவ்வொரு தடவையும் நோட்டின் கோணத்தைப் பாகைமானியால் அளந்து எழுதுங்கள். நடுநடுவே சமப் படத்தையும் செருகுங்கள்.

பையன் முதல் தடவை உட்கார்ந்தபோது நடந்தது இது.

"என்னடா தெரியுது?"

"புள்ளிதான் மாமா. தட்டையா இருக்கு."

"பார்த்துக்கிட்டே இரு."

"தட்டையாத்தான்… இருங்க, இருங்க. வலப்பக்கம் உள்ளே போகுது மாமா. கதவு திறக்கிற மாதிரி. இன்னும் போகுது."

கதவு திறக்கிற மாதிரி என்பதைவிடச் சரியாக நான் சொல்லிவிட முடியாது. படத்தில் எதுவும் அசையவில்லை, முதல் விநாடியில் இருந்ததுதான் இருபதாவது விநாடியிலும் இருக்கிறது. சாய்வு மட்டும் வளர்கிறது. அப்படியும் கணக்குப்படி வர வேண்டிய 30 பாகையை அவன் நோட்டு ஒரு தடவையும் எட்டவில்லை. ஆளுக்கு ஆள் வித்தியாசம் நிறையவே இருக்கும். சிலருக்கு மூன்று விநாடியில் வந்துவிடும், சிலர் அரை நிமிடம் முழித்துக்கொண்டிருப்பார்கள்.

இந்தத் தாமதத்தை விரிவாக ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் பார்பரா கில்லம். அவரும் கூட்டாளிகளும் 1980களில் வெளியிட்ட கட்டுரைகள், இரண்டு படங்களும் ஒன்றாகச் சேர்ந்த பிறகும் சாய்வு தோன்ற நேரம் ஆகிறது என்று காட்டின. கண்கள் படங்களைப் பொருத்தத் தடுமாறுவதால் வரும் தாமதம் இல்லை இது. புள்ளிகள் இரட்டையாகத் தெரியாமல் ஒன்றாகத்தான் தெரிகின்றன, சாய்வு மட்டும் வரவில்லை. உங்கள் சோதனையிலும் "புள்ளி ரெண்டு ரெண்டா தெரியுதா?" என்று ஒரு வார்த்தை கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

படி 5: பக்கத்தில் ஒரு துணையை வையுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. சாய்வுப் படத்தின் மேலேயும் கீழேயும் இழுக்காத புள்ளிகளால் ஒரு பட்டையைச் சேர்த்துவிட்டு, அதே இருட்டில் அதே அட்டையை எடுத்துப் பாருங்கள். கதவு இப்போது மெல்லத் திறப்பதில்லை, எடுத்த எடுப்பிலேயே திறந்து கிடக்கிறது. "இது வேற படம் மாமா" என்று பையன் சண்டைக்கே வந்தான். நடுப் புள்ளிகளில் ஒன்றைக்கூட நான் மாற்றவில்லை.

அடுத்து அந்தப் பட்டைகளை மேலும் கீழும் வைக்காமல் இடமும் வலமும் வைத்துப் பாருங்கள். உதவி குறைந்துவிடும். மேலே வைக்கும்போது இரண்டு பரப்பும் சந்திக்கும் கோட்டில் ஒரு முறுக்கு விழுகிறது: இடது முனையில் நடுப் பரப்பு முன்னால் நிற்கிறது, வலது முனையில் பின்னால் போகிறது. ஆழத்தில் விழும் அந்தப் படிக்கட்டை மூளை உடனே பிடித்துக்கொள்கிறது. பக்கவாட்டில் வைத்தால் கதவுக் கீல் போல ஒரு மடிப்பு மட்டும்தான், படிக்கட்டு கிடையாது. கில்லமும் அவர் குழுவினரும் இந்த முறுக்கையும் கீலையும் ஒப்பிட்டே ஆராய்ந்திருக்கிறார்கள்.

துணைப் பட்டையையே உற்றுப் பார்த்தால் இன்னொரு வேடிக்கை தெரியும். சமமாக இருக்க வேண்டிய அது, எதிர்ப்பக்கம் சற்றுச் சாய்ந்தது போல் தோன்றும். இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் மூளைக்கு உறுதியாகத் தெரிகிறது. அதில் எது சமம், எது சாய்வு என்று பங்கு பிரிப்பதில்தான் தடுமாற்றம்.

ஏன் இந்தத் தயக்கம்?

செய்முறையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு இதைப் பேசிவிடலாம்.

வலது கண்ணின் படம் 6% அகலமாக இருக்கிறது என்ற ஒரே தகவலை வைத்துக்கொண்டு மூளையின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். பரப்பு சாய்ந்திருக்கலாம். அல்லது பரப்பு நேராகவே இருந்து, வலப்பக்கம் தள்ளி இருக்கலாம். அப்போது வலது கண் அதற்கு அருகில் இருப்பதால் படம் பெரிதாக விழும். அல்லது வலது கண்ணின் முன்னால் ஒரு வில்லை மாட்டியிருக்கலாம், என் கதை போல. மூன்றுக்கும் ஒரே 6%தான்.

பிரித்தறிய வேறு தடயம் வேண்டும். பரப்பு வலப்பக்கம் தள்ளியிருந்தால் படம் அகலத்தில் மட்டும் பெரிதாகாது, உயரத்திலும் பெரிதாகும். சாய்வு என்றால் நடுப்பகுதியில் அகலம் மட்டும் மாறும். ஆகவே உயர வேறுபாட்டைக் கொண்டு அகல வேறுபாட்டைத் திருத்திக்கொள்ளலாம். கண்கள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்ற உணர்வைக் கொண்டும் திருத்தலாம். இந்த இரண்டு வழியும் எப்படிக் கலக்கின்றன என்பதை பேக்கஸ், பேங்க்ஸ், வான் ஈ, குரோவெல் ஆகியோர் 1999-இல் கணக்காகவே எழுதிக் காட்டினார்கள்.

இதற்கு முன்பே, டார்ட்மத் கண் ஆய்வு நிலையத்தில் இருந்த கென்னத் ஓகிள் 1938-இல் ஒரு விநோதத்தை வெளியிட்டிருந்தார். ஒரு கண்ணின் படத்தை உயரத்தில் மட்டும் பெரிதாக்கினாலும் பரப்பு சாய்ந்து தெரிகிறது, அதுவும் அகலத்தில் பெரிதாக்கினால் சாயும் திசைக்கு நேர் எதிராக. நீங்களே பார்க்கலாம்: சமப் படத்தில் சயான் லேயரின் உயரத்தை மட்டும் 4% கூட்டுங்கள், அகலத்தைத் தொடாதீர்கள். வலப்பக்கம் உங்களை நோக்கி வரும். உயர வேறுபாட்டைக் கண்டு "பொருள் வலப்பக்கம் இருக்கிறது" என்று எடுத்துக்கொண்ட மூளை, அதற்கு ஏற்ற அகல வேறுபாடு இல்லையே என்று கணக்கை நேராக்கப் பார்க்கிறது. அதன் விளைவுதான் இந்தப் பொய்ச் சாய்வு.

தனியாக மிதக்கும் ஒரு பரப்பைப் பார்த்து மூளை தயங்குவது எனக்கு இதனால்தான் நியாயமாகப் படுகிறது. கண்ணின் அசைவாலும் வில்லையாலும் வரும் கோளாறு படம் முழுவதையும் சேர்த்தே இழுக்கும், பக்கத்துப் பரப்பை மட்டும் விட்டுவைக்காது. எனவே அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டுக் கிடைக்கும் வேறுபாட்டை நம்பலாம், மொத்தமாக வரும் வேறுபாட்டைச் சந்தேகிக்க வேண்டும். எர்கலென்ஸும் காலவைனும் 1985-இல் காட்டியது இதைவிட அதிர்ச்சி தருவது. பெரிய புள்ளிப் படங்களை இரு கண்ணுக்கும் எதிர் எதிர்த் திசையில் நகர்த்தினார்கள். கண்கள் உள்ளும் வெளியும் திரும்பி அதைப் பின்தொடர்ந்தன, ஆனால் பார்ப்பவருக்குப் படம் அருகில் வருவதாகவோ தள்ளிப் போவதாகவோ தோன்றவே இல்லை. அசையாத ஒரு துணையைச் சேர்த்ததும் அசைவு தெரிந்தது. அதே எர்கலென்ஸ், ரேமண்ட் வான் ஈயுடன் சேர்ந்து 1996-இல் சாய்வையும் நேரத்தையும் ஆராய்ந்தார். சற்று நேரமே காட்டிய தனிப் பரப்பின் சாய்வு சரியாகத் தெரிவதில்லை, துணைப் பரப்பு இருந்தால் தெரிகிறது என்பதே அவர்கள் கண்டது. நாம் படி 4, 5இல் செய்தது அதன் வீட்டுப் பதிப்புதான்.

படி 6: கதவை விட்டுத் தரைக்கு வாருங்கள்

இதுவரை செய்தது செங்குத்து அச்சில் திரும்பிய பரப்பு, அதாவது கதவு. இப்போது தரை போல மேல்பக்கம் தள்ளிப் போகும் பரப்பு. இதற்கு அகலத்தை மாற்றக் கூடாது, படத்தைச் சரிக்க வேண்டும். கிம்பில் 'ஷியர்' கருவியை எடுத்து, வலது கண் படத்தின் மேல்பக்கத்தை வலப்புறமும் இடது கண் படத்தின் மேல்பக்கத்தை இடப்புறமும் தள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவே மொத்தம் மூன்றரை பாகை சரிந்தால் அதே 30 பாகைச் சாய்வு கிடைக்கும்.

பெரும்பாலோருக்கு இது கதவைவிடச் சீக்கிரமாகவும் அதிகமாகவும் தெரியும். வேறுபாட்டின் அளவு அதேதான், அச்சு மட்டும் மாறியது, ஆனாலும் பலன் வேறு. காலடியிலிருந்து விரிந்து செல்லும் தரையை வாழ்நாள் முழுக்கப் பார்த்துப் பழகிய கண் நமக்கு. ஒவ்வொரு கண்ணும் செங்குத்து என்று எடுத்துக்கொள்ளும் 'நேர்க்கோடுகளே' மேல்முனையில் சற்று வெளிப்பக்கம் சரிந்து தரைக்கு ஏற்ப அமைந்திருக்கின்றன என்று ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார். என் சிலிண்டர் பவர் செய்த குளறுபடியும் இந்த வகைதான். அச்சு சாய்வாக இருக்கும் சிலிண்டர் வில்லை அந்தக் கண்ணில் மட்டும் செங்குத்துக் கோடுகளைச் சரித்துவிடும். உடனே தரையும் மேசையும் எழும்.

படி 7: புள்ளியை எடுத்துவிட்டுக் கட்டம் போடுங்கள்

கணக்கு நோட்டுச் சதுரக் கட்டம் ஒன்றைப் புள்ளிகளுக்குப் பதிலாக வைத்து, படி 2இல் சொன்னபடி இழுங்கள். சாய்வு இப்போது இன்னும் தாமதமாகும், சிலருக்கு வராமலே போகும். இணைகோடுகள் இணையாகவே நிற்பதால் "இது தட்டை" என்று ஒற்றைக் கண் தடயம் அடித்துச் சொல்கிறது. டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் அலிசனும் இயன் ஹோவர்டும் 2000-இல் இந்த மோதலை நேரத்தோடு வைத்து அளந்தார்கள். கொஞ்ச நேரமே காட்டினால் கோடுகளின் பேச்சு எடுபடுகிறது, பார்க்கப் பார்க்க இரு கண் வேறுபாட்டின் கை ஓங்குகிறது.

இப்போது கிம்பின் 'பெர்ஸ்பெக்டிவ்' கருவியால் இரண்டு படங்களின் வலது ஓரத்தையும் சிறிதாக்கிவிட்டு அதே 97, 103 கொடுங்கள். இரண்டு சாட்சியும் ஒத்துப்போவதால் சாய்வு கண்ணிமைக்கும் நேரத்தில் வந்துவிடும். கடைசியாக வலது ஓரத்தைப் பெரிதாக்குங்கள். கோடுகள் "வலது அருகில்" என்கின்றன, இரு கண் "வலது தள்ளி" என்கிறது. பொறுமையாக ஒரு நிமிடம் பாருங்கள். பரப்பு ஒரு பக்கம் சாய்ந்து நின்று, சில விநாடி கழித்து மறுபக்கம் புரண்டு, மறுபடியும் திரும்பும். வான் ஈ, வான் டாம், எர்கலென்ஸ் மூவரும் 2002-இல் எழுதிய இரட்டை நிலை இதுதான். தடயங்களை அதனதன் நம்பகத்துக்கு ஏற்பச் சராசரி எடுக்கிறது மூளை என்பது இன்று பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். சிறிய மோதல்களுக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. இந்தப் புரட்டலைக் கண்ணால் பார்த்த பிறகு, எல்லாவற்றையும் சராசரியால் விளக்கிவிடலாம் என்ற நம்பிக்கை எனக்குப் போய்விட்டது.

படி 8: நேரத்தை இன்னும் நீட்டுங்கள்

படி 5இன் சாய்வுப் படத்தை இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுச் சட்டென்று சமப் படத்துக்கு மாற்றுங்கள். அது எதிர்ப்பக்கம் சாய்ந்து தெரிந்து, கொஞ்ச நேரத்தில் நேராகும். இந்தப் பின்விளைவு இருப்பதால்தான், ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவே ஒரு நிமிடமாவது அறை விளக்கைப் போட்டு ஓய்வு கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் முந்தைய படத்தின் எச்சம் அடுத்த அளவில் ஏறிவிடும். முதல் நாள் நாங்கள் எடுத்த அளவுகளில் பாதியை இதனால்தான் கிழித்துப் போட்டோம்.

நாள் கணக்கிலும் இது நடக்கும். ஆடம்ஸ், பேங்க்ஸ், வான் ஈ மூவரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கண்ணில் அகலத்தைப் பெரிதாக்கும் வில்லையை ஆட்கள் பல நாள் மாட்டிக்கொண்டே நடமாடினார்கள். சாய்ந்து தெரிந்த உலகம் நாளடைவில் நிமிர்ந்தது. கண்ணாடிக் கடையில் சொன்ன "பழகிடும்" என்பதன் உள்விவரம் இது. அதனால் புதுக் கண்ணாடி வாங்கியவர்கள் தரை மேடாகத் தெரிகிறது என்று அரை நாளில் கழற்றி வைக்காதீர்கள். பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிப் போட்டால் பழகுவதும் தள்ளிப் போகும். இரண்டு மூன்று வாரம் கழித்தும் மேசை சரிந்தே இருந்தால் பவரையும் அச்சையும் மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். அதுவரை மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்குங்கள்.